பதுங்கி வரும் கில்லருக்கு எந்த பில்ட்? டெட் பை டேலைட் கேள்வி பதில்

டெட் பை டேலைட்டில் ரெய்த், கோஸ்ட் ஃபேஸ் மாதிரி அரவமில்லாமல் வந்து அடிக்கும் கில்லர்களை ஆடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மான்ட்ரியாலில் இருக்கும் பிஹேவியர் இன்டராக்டிவ் 2016 ஜூனில் வெளியிட்ட ஆட்டம் இது. மேப்பில் இருக்கும் 7 ஜெனரேட்டர்களில் ஐந்தை ஓட்டிவிட்டு கேட்டைத் திறந்து தப்பிக்க 4 சர்வைவர்கள் பார்ப்பார்கள். கில்லர் ஒருவர், அவர்களைப் பிடித்து ஹூக்கில் மாட்டப் பார்ப்பார். கில்லருக்கு 4 பெர்க் (கூடுதல் திறன்), 2 ஆட்-ஆன் (அவருக்கே உரிய பவரை மாற்றும் துணைப்பொருள்); இவற்றைத் தேர்ந்து சேர்ப்பதுதான் பில்ட். அவ்வளவுதான் இடம், அதனால்தான் இத்தனை சண்டை. எண்களை பேட்ச்சுக்கு பேட்ச் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். லோட் அவுட் திரையில் பெர்க்கின் விளக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு உள்ளே போங்கள்.

ஸ்டெல்த் கில்லர் என்று யாரைச் சொல்கிறோம்? எந்தக் கில்லராக இருந்தாலும் சுவருக்குப் பின்னால் ஒளிந்து வரலாமே?

வரலாம், ஆனால் இதயத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலான கில்லர்களுக்கு டெரர் ரேடியஸ் 32 மீட்டர். அந்த வட்டத்துக்குள் வந்ததும் சர்வைவரின் காதில் துடிப்பு கேட்கத் தொடங்கும். கில்லர் நொடிக்கு 4.6 மீட்டர் நடக்கிறார். அதாவது 32 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 7 நொடி. நொடிக்கு 4 மீட்டர் ஓடும் சர்வைவர் அந்த 7 நொடியில் 28 மீட்டர் தள்ளிப்போய், தாவித் தப்ப நல்ல ஜன்னலாகப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். சாதாரணக் கில்லரின் ஒவ்வொரு சேஸும் (துரத்தலும்) இந்த 7 நொடிக் கடனோடுதான் தொடங்குகிறது.

‘அன்டிடெக்டபிள்’ என்ற நிலை அந்தக் கடனை ரத்து செய்கிறது. துடிப்பு கேட்காது, கில்லருக்கு முன்னால் தரையில் விழும் சிவப்பு வெளிச்சம் இருக்காது, கில்லரின் ஆராவை (சுவரைத் தாண்டியும் தெரியும் உருவம்) காட்டும் பெர்க் எதுவும் வேலை செய்யாது. இந்த நிலையைத் தன் பவரிலேயே வைத்திருப்பவர்தான் ஸ்டெல்த் கில்லர்.

நான்தான் ஏற்கெனவே மறைந்து வருகிறேனே. இன்னும் மறைய உதவும் பெர்க்குகளைப் போட்டால் இரட்டிப்புப் பலன்தானே?

இல்லை. புதிதாக ஆடுபவர்கள் போடும் பில்ட்டில் பாதி இந்த இடத்தில்தான் வீணாகிறது. அன்டிடெக்டபிளாக இருப்பவர் இன்னொரு தடவை அன்டிடெக்டபிள் ஆக முடியாது. கோஸ்ட் ஃபேஸுக்கு இன்சிடியஸ், ட்ரெயில் ஆஃப் டார்மென்ட், மானிட்டர் அண்ட் அப்யூஸ் மூன்றையும் மாட்டிவிட்டால் பார்ப்பதற்கு ஜோராக இருக்கும். மேட்ச்சில் என்ன நடக்கும் என்றால், ஆள் இல்லாத ஜெனரேட்டரிலிருந்து ஆள் இல்லாத இன்னொரு ஜெனரேட்டருக்கு மிக மிக ரகசியமாக நடந்து போவீர்கள். இங்கே ஒரு ஜெனரேட்டரைத் தனியாளாக முடிக்க 90 நொடி போதும். நீங்கள் தவறான பக்கம் பதுங்கிப் போய்த் திரும்புவதற்குள் மூன்று பேர் மூன்று ஜெனரேட்டரில் பாதியைத் தாண்டியிருப்பார்கள்.

பவர் உங்களுக்குத் தருவது முதல் அடி. யாரை, எங்கே போய் அடிப்பது என்று அது சொல்வதில்லை. அது தெரியாத ஸ்டெல்த் கில்லரின் நிலை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஆகவே பில்ட் என்பது பவரில் இல்லாததை நிரப்புவது: முதலில் தகவல், அடுத்து ஜெனரேட்டர் வேகத்தைக் குறைப்பது. மறைவு கடைசியில்கூட வேண்டாம்.

அப்படியானால் எந்தத் தகவல் பெர்க்?

டிஸ்கார்டன்ஸ். ஒரே ஜெனரேட்டரில் இரண்டு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்தால் அந்த ஜெனரேட்டர் உங்களுக்கு மஞ்சளாகத் தெரியும். மேல் நிலையில் (பெர்க்குக்கு மூன்று நிலைகள் உண்டு) 128 மீட்டர் தூரம் வரை எட்டும், பெரும்பாலான மேப்புகளில் ஏறக்குறைய எல்லா மூலையும் அதற்குள் அடங்கிவிடும். ஸ்டெல்த் கில்லருக்கு இரண்டு பேர் சேர்ந்திருக்கும் இடத்தைவிட நல்ல இலக்கு கிடையாது. ஒருவரை அடித்ததும் மற்றவர் பதறி ஓடுவார், ஜெனரேட்டரில் ஆள் இருக்காது, இரண்டு பேர் வேலை ஒரே அடியில் நின்றுவிடும்.

நர்ஸஸ் காலிங். என் கணக்கில் ஸ்டெல்த் கில்லருக்கென்றே தைத்துவைத்த பெர்க் இதுதான். 28 மீட்டருக்குள் யாராவது வைத்தியம் செய்துகொண்டிருந்தால் ஆரா தெரியும். சாதாரணக் கில்லர் இதைப் போட்டால், 28 மீட்டருக்குள் வருவதற்கு முன்பே துடிப்பு கேட்டு இரண்டு பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வந்தால் துடிப்பே இல்லை. சுவர் மூலையில் உட்கார்ந்து ஒருவர் முதுகில் மற்றவர் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்; சாதாரணமாக 16 நொடி ஆகும் வேலை அது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு உருவத்தையும் பார்த்துக்கொண்டே எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனால் இருவரும் சிக்குவார்கள் என்று நிதானமாக முடிவு செய்யலாம். கூடவே ஸ்லாப்பி புட்சர் இருந்தால் வைத்தியம் இன்னும் இழுக்கும், உங்களுக்கு நேரம் கூடும்.

லீத்தல் பர்சூவர் ஆட்டம் தொடங்கியதும் மேல் நிலையில் 9 நொடிக்கு நால்வரின் ஆராவையும் காட்டும். முதல் நிமிடத்தில் முதல் அடி என்பது ஸ்டெல்த் கில்லருக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் வந்திருப்பது யார் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

பார்பெக்யூ அண்ட் சில்லியும் நல்லதே: ஒருவரை ஹூக்கில் மாட்டியதும் தூரத்தில் இருப்பவர்களின் ஆரா சில நொடி தெரியும். ஆனால் பழகிய சர்வைவர்கள் அந்த நேரத்தில் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் ஓடிக் காட்டுவார்கள். அதை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

ரெய்த்துக்கு ஒரு முழு பில்ட் சொல்லுங்கள்.

ஸ்லாப்பி புட்சர், நர்ஸஸ் காலிங், டிஸ்கார்டன்ஸ், பெயின் ரெசனன்ஸ்.

காரணம் ரெய்த்தின் நடையிலேயே இருக்கிறது. மணி அடித்து மறைந்துவிட்டால் அவர் நொடிக்கு 6 மீட்டர் போவார். 90 மீட்டர் தள்ளியிருக்கும் ஜெனரேட்டருக்கு மற்றவர்கள் போக 19 நொடிக்கு மேல் ஆகும்; இவருக்கு 15. இருபது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் ஆள் அறவே தெரியாது, கிட்டே வந்தால் கண்ணாடிப் புகை மாதிரி ஒரு நெளிவு மட்டும் தெரியும். மறைந்த நிலையில் அடிக்க முடியாது என்பதுதான் விலை: மணியை மறுபடி அடித்து உருவத்துக்கு வர வேண்டும், வந்ததும் சட்டென்று ஒரு வேகம் கிடைக்கும், அதில்தான் அடி.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஆளைத் துரத்திக்கொண்டு நிற்பது நஷ்டம். ஒருவரை அடி, மறைந்துவிடு, அடுத்தவரிடம் போ. நால்வரில் மூவர் காயத்தோடு இருந்தால் யாராவது ஒருவர் வைத்தியம் பார்க்கத்தான் செய்வார், நர்ஸஸ் காலிங் காட்டிக்கொடுக்கும். பெயின் ரெசனன்ஸ் இந்தச் சுற்றோடு சரியாகப் பொருந்துவதற்குக் காரணம், ஸ்கர்ஜ் ஹூக் எனப்படும் குறிப்பிட்ட சில ஹூக்குகளில் ஒவ்வொரு புது ஆளை மாட்டும்போதும்தான் அது அதிகம் ஓடியிருக்கும் ஜெனரேட்டரை வெடிக்கவைத்துப் பின்னுக்குத் தள்ளும். ஒரே ஆளை மூன்று தடவை மாட்டுபவருக்கு அது தண்டம். சுற்றிச் சுற்றி அடிப்பவருக்கு முழுப் பலன்.

கோஸ்ட் ஃபேஸுக்கும் அதே பில்ட் ஓடுமா?

ஓடும், ஆனால் நான் மாற்றுவேன். 2019 ஜூனில் வந்தவர் இவர். முகமூடியின் உரிமை ஃபன் வேர்ல்டு என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டதால் ஆளுக்கு டேனி ஜான்சன் என்று தனிப் பெயரும் தனிக் கதையும் கொடுத்தார்கள். ரெய்த்தைப் போல வேகம் கிடையாது. நைட் ஷ்ரௌட் (மறைந்து வரும் அவருடைய பவர்) போட்டாலும் நடை அதே 4.6தான், குனிந்தால் அதையும்விடக் குறைவு. அதற்குப் பதில் இவருக்குக் கிடைத்திருப்பது நோட்டம் விடும் வித்தை: ஒருவரை நின்று உற்றுப் பார்த்தே ‘மார்க்’ செய்துவிட்டால், சிறிது நேரத்துக்கு அந்த ஆள் ஒரே அடியில் விழுவார். சுவர் ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தால் மார்க் ஆகும் வேகம் இரட்டிப்பு.

வேகமில்லாதவர் மேப் முழுக்க அலையக் கூடாது. ஆகவே முதல் பெர்க் கரப்ட் இன்டர்வென்ஷன். ஆட்டம் தொடங்கியதும் உங்களிடமிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் மூன்று ஜெனரேட்டர்களை 2 நிமிடம் பூட்டிவைக்கும் (முதல் ஆள் விழுந்ததும் பூட்டு போய்விடும்). மிச்சம் நான்கு. சர்வைவர்கள் தாமாகவே உங்கள் பக்கம் நடந்து வருவார்கள், நீங்கள் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்து காத்திருந்தால் போதும். அடுத்து டிஸ்கார்டன்ஸ், நர்ஸஸ் காலிங். நான்காவதாக அவருடைய சொந்தப் பெர்க்கான த்ரில்லிங் ட்ரெமர்ஸ்: ஒருவரைத் தோளில் தூக்கியதும், அந்த நேரத்தில் யாரும் ஓட்டாத ஜெனரேட்டர்கள் எல்லாம் 16 நொடி பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் நிற்பது எதுவோ அதில் ஆள் இருக்கிறார். வேகத்தடையும் தகவலும் ஒரே பெர்க்கில். இதை ஏன் பலரும் கண்டுகொள்வதில்லை என்று புரிந்ததே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஷ்ரௌடில் இருக்கும்போது ஒரு சர்வைவர் உங்களைச் சற்று நேரம் திரையில் பிடித்துப் பார்த்தால் ஷ்ரௌட் கலைந்துவிடும். அவர்களுடைய கேமரா முதுகுக்குப் பின்னால் இருக்கிறது; சுவருக்கு வெளியே தலையை நீட்டாமலேயே மூலையைத் தாண்டிப் பார்க்க முடியும். உங்களுக்கோ கண்ணெதிரே இருப்பது மட்டும்தான். ஆகவே நேர்வழியில் நடந்து போகாதீர்கள். கலைந்தாலும் முழு நஷ்டமில்லை, கலைத்தவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு கணம் உங்களுக்குத் தெரியும்.

ஆட்-ஆன்களில் எது முக்கியம்?

ரெய்த் என்றால் விண்ட்ஸ்டார்ம் வகை (மறைந்திருக்கும்போது வேகம் கூடும்), ஸ்விஃப்ட் ஹன்ட் வகை (உருவத்துக்கு வரும் நேரம் குறையும்). இவை இரண்டும் மலிவாகவே பிளட்வெப்பில் (பெர்க், ஆட்-ஆன் வாங்கும் திரை) கிடைக்கும், பெரும்பாலான மேட்ச்களுக்கு இதுவே போதும். மணியின் சத்தத்தையே அணைத்துவிடும் காக்ஸ்கோம்ப்ட் க்ளாப்பர் வேடிக்கையானது. அரிதாகக் கிடைப்பதால் சேர்த்துவைத்து, அறைகள் அடர்ந்த உள்ளரங்க மேப் வரும் என்று தெரிந்தால் எடுங்கள். போன் க்ளாப்பர் அதன் ஏழைத் தம்பி: மணி கேட்கும், ஆனால் கிட்டத்திலா தூரத்திலா என்று கண்டுபிடிக்க முடியாது.

கோஸ்ட் ஃபேஸுக்கு ஷ்ரௌட் சீக்கிரம் திரும்புவதற்கு உதவும் எதுவும் நல்லது. மற்றவற்றை அடுக்கிப் பயனில்லை.

பிக், சடாகோ, மைக்கேல் மையர்ஸ் என்ற மற்ற ஸ்டெல்த் கில்லர்களுக்கு?

பிக் குனிந்தால் அன்டிடெக்டபிள், ஆனால் அவருடைய உண்மையான பலம் தலையில் மாட்டும் பொறிகள். அதனால் அவருக்குத் தகவலைவிட வேகத்தடைப் பெர்க்குகளே பொருத்தம். சடாகோ டிவிக்கு டிவி தாவுவதால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. டிஸ்கார்டன்ஸ் அவர் கையில் இன்னும் கூர்மையாகும். மையர்ஸின் பவரைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள், ஆகவே பழைய காணொளிகளில் பார்க்கும் மையர்ஸ் பில்ட்டை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

டெரர் ரேடியஸை வைத்து வேலை செய்யும் பெர்க்குகள் ஸ்டெல்த் கில்லருக்குச் சுத்தமாக ஆகாதா?

பொதுவாக ஆகாது. கோல்ரோஃபோபியா உங்கள் ரேடியஸுக்குள் நடக்கும் வைத்தியத்தைத் தாமதப்படுத்தும். அன்நெர்விங் பிரசென்ஸ் ரேடியஸுக்குள் இருப்பவரின் ஸ்கில் செக்கை (வேலையின் நடுவே சரியான கணத்தில் பட்டன் அழுத்தும் சோதனை) கடினமாக்கும். மேட்ச்சில் பாதி நேரம் உங்களுக்கு ரேடியஸே இல்லை என்றால், பெர்க்கும் பாதி நேரம் தூங்குகிறது. டிஸ்ட்ரெஸ்ஸிங் பற்றிக் கேட்கவே வேண்டாம், ரேடியஸைப் பெரிதாக்கும் பெர்க் அது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: இன்ஃபெக்ஷியஸ் ஃப்ரைட். ஒருவரை வீழ்த்தியதும் ரேடியஸுக்குள் இருக்கும் மற்றவர்கள் அலறி இடத்தைக் காட்டிவிடுவார்கள். ரெய்த் உருவத்துக்கு வந்துதான் அடிக்க வேண்டும் என்பதால் அடிக்கும் வேளையில் ரேடியஸ் திரும்பியிருக்கும், பெர்க் வேலை செய்யும். அலறல் கேட்ட திசைக்கு மறுபடி மறைந்து 6 மீட்டர் வேகத்தில் போய்விடலாம். முயன்று பார்க்கத் தகுந்த கூட்டணி.

டிஎல்சி வாங்கக் காசில்லை. அடிப்படை ஆட்டத்தை மட்டும் வைத்து ஸ்டெல்த் பில்ட் கட்ட முடியுமா?

தாராளமாக. ஸ்லாப்பி புட்சர், விஸ்பர்ஸ், பிட்டர் மர்மர் மூன்றும் எல்லாக் கில்லருக்கும் பொதுவான பெர்க். நர்ஸஸ் காலிங் நர்ஸிடமும் டிங்கரர் ஹில்பில்லியிடமும் இருக்கின்றன. அந்தக் கில்லரை ப்ரெஸ்டீஜ் 1க்கு (லெவலை முழுதாக ஏற்றி எட்டும் படி) கொண்டுபோனால் அவருடைய பெர்க்குகள் முதல் நிலையில் மற்ற எல்லாருக்கும் திறக்கும், 2, 3 என்று போகப் போக மேல் நிலைகள். விஸ்பர்ஸைக் குறைத்து மதிக்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் காதில் கிசுகிசுக்கும். கிசுகிசுப்பு இல்லையென்றால் அந்தப் பகுதியே காலி, நின்று தேட வேண்டாம். வேகமில்லாத கோஸ்ட் ஃபேஸுக்கு இந்த ‘இங்கே யாருமில்லை’ என்ற தகவல் ரொம்ப மதிப்பு.

இரிடெசன்ட் ஷார்ட்ஸ் (ஆடி ஆடியே சேரும் நாணயம்) சேர்ந்தால் முதலில் ப்ளேக் என்ற கில்லரை வாங்குங்கள், கரப்ட் இன்டர்வென்ஷன் அவளிடம்தான். அடுத்து டிஸ்கார்டன்ஸுக்காக லீஜியன். வெளி நிறுவனங்களிடம் உரிமம் பெற்று வந்த கில்லர்களை ஷார்ட்ஸ் கொடுத்து வாங்க முடியாது, அவர்களுடைய பெர்க் வேண்டுமென்றால் வாராவாரம் மாறும் ஷ்ரைன் ஆஃப் சீக்ரெட்ஸ் என்ற பெர்க் கடையில் கண் வைத்திருங்கள்.

ஸ்டெல்த் பவரே இல்லாத கில்லரைப் பெர்க் வைத்துப் பதுங்கவைக்கலாமா?

முன்பு வேண்டாம் என்று சொன்ன பெர்க்குகளுக்கெல்லாம் இங்கேதான் வேலை. டிங்கரர்: ஒரு ஜெனரேட்டர் 70 சதவீதத்தைத் தொட்டதும் உங்களுக்குச் சத்தத்தோடு அறிவிப்பு வரும், கூடவே 16 நொடிக்கு அன்டிடெக்டபிள். ஹில்பில்லி ரம்பத்தை ஓட்டிக்கொண்டு மேப்பின் மறுகோடிக்கு அதற்குள் போய்விடுவார். மெதுவான கில்லருக்கு 16 நொடியில் பாதி வழிகூட வராது. ட்ரெயில் ஆஃப் டார்மென்ட் ஜெனரேட்டரை உதைத்ததும் மறைவு தரும், ஆனால் உதைத்த ஜெனரேட்டர் சர்வைவர்களுக்கு மஞ்சளாகத் தெரியும். மஞ்சளைப் பார்த்தாலே விவரமானவர்கள் தலையைத் திருப்பித் தேட ஆரம்பிப்பார்கள்.

டிஸ்கார்ட் செயலியில் பேசிக்கொண்டே ஆடும் நால்வர் அணி வந்தால்?

ஒருவர் கண்ணில் பட்டால் நால்வருக்கும் தெரிந்துவிடும். அது போதாதென்று, பேசாத அணிக்கும் இப்போது திரையின் ஓரத்தில் மற்றவர் என்ன செய்கிறார் என்ற சின்னங்கள் தெரிகின்றன. யார் பக்கத்திலும் சேஸ் சின்னம் இல்லையென்றால் நீங்கள் எங்கேயோ பதுங்கியிருக்கிறீர்கள் என்று ஊகித்துவிடுவார்கள். ஸ்பைன் சில், பிரிமனிஷன் மாதிரி எச்சரிக்கைப் பெர்க்குகளும் அவர்களிடம் இருக்கலாம். இவை ஆராவைக் காட்டுவதில்லை, நீங்கள் அருகில் இருப்பதை மட்டும் சொல்லும். அதனால் அன்டிடெக்டபிளாக இருந்தாலும் தப்ப முடியாது.

இப்படிப்பட்ட அணியிடம் முழு மார்க் எடுக்கக் காத்திருப்பது நேர விரயம். பாதியில் விட்டுவிட்டு நேராக ஓர் அடி போட்டு நகருங்கள். வேகத்தடைப் பெர்க்குகள்தான் இந்த மேட்ச்சைத் தாங்கும்.

முதல் அடி எப்போதும் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு லூப்பில் (சுற்றிச் சுற்றி ஓட வசதியான தடுப்பு) சுற்றவிட்டுக் கொல்கிறார்கள். என்ன பெர்க் போட?

பெர்க் இல்லை, பழக்கம். உயரமான சுவர் இருக்கும் லூப்பில் சர்வைவர் உங்கள் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்கிறார். கோஸ்ட் ஃபேஸின் ஷ்ரௌட் தயாராக இருந்தால் சுவருக்குப் பின்னால் வந்ததும் போடுங்கள், வெளிச்சம் போய்விடும். நின்று எதிர்த்திசையில் திரும்புங்கள். அவரே உங்கள் மேல் வந்து மோதுவார். உயரம் குறைந்த தடுப்புகளில் இது பலிக்காது, உங்கள் தலை தெரியும்.

ரெய்த்துக்கு வேறு வழி. அடிபட்டவர் ஓடும்போது மறைந்துகொண்டு அவரைத் தாண்டிப் போய், அவர் தாவப்போகும் ஜன்னலையோ பேலட்டையோ (கில்லரின் வழியில் சாய்த்துவிடும் மரத் தடுப்பு) உடம்பால் மறித்து நில்லுங்கள். மணியை அங்கே அடியுங்கள். மறைந்த நிலையிலேயே பேலட்டை உடைக்கவும் ஜெனரேட்டரை உதைக்கவும் முடியும் என்பதையும் நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. இரண்டு சுற்றுக்குள் அடி விழவில்லையென்றால் விட்டுவிட்டுப் போங்கள்.

மேப் ஆஃபரிங் (விரும்பிய மேப் வர வாய்ப்பைக் கூட்டும் பொருள்) எரிக்கலாமா?

கோஸ்ட் ஃபேஸ் என்றால் எரிக்கலாம். லெரீஸ் மெமோரியல் இன்ஸ்டிட்யூட், ஹாக்கின்ஸ் ஆய்வுக்கூடம், ரக்கூன் சிட்டி போலீஸ் ஸ்டேஷன் மூன்றிலும் கதவு நிலைகள் ஏராளம், சாய்ந்து எட்டிப் பார்க்க இடமிருக்கிறது. எதிராளி உங்களைப் பார்ப்பதற்கு நீண்ட வெளி கிடையாது. ரெய்த்துக்கு எந்த மேப்பும் பரவாயில்லை, ஆஃபரிங் இடத்தில் பிளட்பாயின்ட் (பிளட்வெப்பில் செலவழிக்கும் புள்ளி) கூடுதலாகத் தரும் கேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.